‘போர்ட்’ என்ற ஒரு சொல்லை வேரோடு பிடிப்பது எப்படி: திருகோணமலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசி திருத்தும் கடையில் “போட் போயிட்டு” என்று சொன்னால், போனது சார்ஜ் வயர் செருகும் துளையா, உள்ளே இருக்கிற மதர்போர்டா? முன்னது சின்னச் செலவு. பின்னது புதுப் போனே வாங்கிவிடலாமா என்று யோசிக்க வைக்கும் செலவு. உட்துறைமுக வீதியில் ஒருவர் “போட்டுக்குப் போறன்” என்றால் மூதூர்ப் படகுக்கா, துறைமுக வேலைக்கா? துறைமுகம், படகு, பலகை என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் நம் வாயில் ஒரே ‘போட்’ ஆகிவிடுகின்றன.

குழப்பம் உச்சரிப்போடு நிற்பதில்லை. துறைமுகத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கே கப்பலின் இடப்பக்கம், ஒரு மதுவகை, இயந்திரத்தின் துளை, கணினியின் செருகுவாய் என்று பல பொருள்கள். அதன் உறவுச் சொற்களோ இம்போர்ட், ரிப்போர்ட், பாஸ்போர்ட், ஸ்போர்ட் என்று நீளுகின்றன. தனித்தனியாகப் பாடமாக்கினால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். வேர் மூன்றுதான்; அந்த மூன்றையும் பிடித்தால் மற்றவை தானாக வரிசைக்கு வரும்.

தேவையானவை: 80 பக்கக் கொப்பி ஒன்று, மூன்று நிறப் பேனை, சொல்லின் பிறப்பையும் தரும் ஓர் ஆங்கில அகராதி. நாளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் ஆறு நாள் போதும். சாதாரண தர மாணவருக்கும் துறைமுகம், சுங்கம், கப்பல் முகவர் வேலைகளுக்கு விண்ணப்பிப்பவருக்கும் முறை ஒன்றே.

படி 1: முதலில் வாயைத் திருத்துங்கள்

தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி. ‘பல்’ என்னும்போது ஓர் ஒலி, ‘கம்பு’ என்னும்போது வேறோர் ஒலி. எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே சொல்லிவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்துத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இடம் சொல்லாது, ஒலிதான் சொல்ல வேண்டும்.

பழைய பஸ் ரிக்கெற் ஒன்றை உதட்டுக்கு நாலு விரற்கடை முன்னால் தொங்கவிட்டுப் பிடியுங்கள். துறைமுகச் சொல்லைச் சொல்லும்போது தாள் ஆட வேண்டும். முதல் ஒலியோடு ஒரு மூச்சு வெளியே தள்ளப்படுகிறது. பலகையைக் குறிக்கும் சொல்லுக்குத் தாள் அசையக்கூடாது. இரண்டுக்கும் தாள் ஆடாவிட்டால் ‘பல்’லின் பகரத்தையே சொல்கிறீர்கள், தமிழ்ப் பகரத்தில் அந்த மூச்சு இல்லை. கொஞ்சம் மிகையாகவே ஊதிப் பழகுங்கள். பலகைச் சொல்லில் உயிரொலி இன்னும் சற்று நீளும், கடைசி ஒலி மெதுவாக விழும்.

படகில் பிரச்சினை உயிரொலியில். அந்தச் சொல்லில் ‘ஓ’ ஒரே இடத்தில் நிற்காது. தொடங்கிய பிறகு உதடு குவிந்து ‘உ’ பக்கம் நழுவும். துறைமுகத்தில் ‘ஓ’ நழுவாமல் நிற்கும். நாம் படிக்கும் பிரித்தானிய முறையில் அதில் ‘ர்’ ஒலிப்பதில்லை. எழுத்தில் மட்டுமே இருக்கும். பானையைக் குறிக்கும் சொல்லில் உயிர் குறில். கோட்டையைக் குறிக்கும் சொல்லுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். துறைமுகம், பலகை, படகு, பானை, கோட்டை என்று ஐந்து படத்தை வரைந்து வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் தொட்டுக் காட்டட்டும். பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: மூன்று வேர், மூன்று பக்கம்

கொப்பியில் மூன்று பக்கங்களுக்குத் தலைப்பு இடுங்கள். மூன்றும் இலத்தீன்: துறைமுகம் என்று பொருள்படும் ‘போர்ட்டுஸ்’ நீல நிறத்தில், வாசல் என்று பொருள்படும் ‘போர்ட்டா’ பச்சையில், சுமந்து செல் என்று பொருள்படும் ‘போர்ட்டாரே’ சிவப்பில்.

இவை மூன்றும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். ‘கடந்து போ’ என்பதுதான் அந்தப் பழைய வேர். அதன் பகரம் ஜெர்மானியக் கிளையில் ஃபகரமாக மாறியதால் ஆங்கிலத்தில் ஃபோர்ட் (ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும் இடம், கோட்டை அல்ல, அந்த ஃபோர்ட் வேறு), ஃபெரி, ஃபெயர் என்ற சொற்களும் பிறந்தன. பஸ் கட்டணமும் ஆறு கடக்கும் தோணியும் துறைமுகத்துக்குத் தூரத்துச் சொந்தம். 2009இல் 396 மீற்றர்ப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையடியில் மக்களை ஏற்றிக் கடந்த மிதவையை நாம் ‘பாதை’ என்றே அழைத்தோம். தண்ணீரைக் கடப்பதையும் வழியையும் ஒரே சொல்லால் சொல்ல இலத்தீன் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இனி எந்தச் சொல் வந்தாலும் ஒரே கேள்விதான்: இதில் கரை சேர்வது இருக்கிறதா, நுழைவாய் இருக்கிறதா, சுமந்து கொண்டுபோவது இருக்கிறதா?

படி 3: துறைமுகப் பக்கத்தை நிரப்புங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு முதலில் பிரிக்க வேண்டியது போர்ட், ஹாபர் என்ற இரண்டையும். ஹாபர் என்பது காற்றுக்கும் அலைக்கும் மறைவான நீர்ப்பரப்பு. பழைய ஆங்கிலத்தில் படை தங்கும் அடைக்கலம் என்ற பொருளிலிருந்து வந்தது. போர்ட் என்பது கப்பல் கட்டி ஏற்றி இறக்கும் இடமும் அதன் நிர்வாகமும். நம்முடையது இயற்கை ஹாபர். அதற்குள் ஜெட்டியும் கிரேனும் சுங்கமும் வந்த பிறகுதான் போர்ட். ஆகவே தீவின் துறைமுகங்களை நடத்தும் அதிகார சபையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது போர்ட். உட்துறைமுக வீதியின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ஹாபர். தமிழில் இரண்டும் துறைமுகமே என்பதால் மொழிபெயர்க்கும்போது தவறு நுழைகிறது. ஹாபர் வினையாகவும் வரும்: குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது, மனதில் வன்மத்தை வளர்ப்பது. போர்ட்டை அந்த இடத்தில் போட முடியாது.

அடுத்தது, கப்பலின் இடப்பக்கம். முன்னணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நோக்கி நிற்பவரின் இடக்கை எதுவோ அதுதான் போர்ட். நீங்கள் பின்னுக்குத் திரும்பி நின்றாலும் அது மாறாது. ‘லெஃப்ட்’ உங்களோடு திரும்பும், ‘போர்ட்’ கப்பலோடு ஒட்டியிருக்கும். பழங்காலக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் கட்டப்பட்டிருந்தது. வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைத் துறையோடு அணைத்துக் கட்டினார்கள். அந்தப் பக்கத்தின் பழைய பெயர் லார்போர்ட். இரைச்சலில் ஸ்டார்போர்டும் லார்போர்டும் ஒன்றுபோலக் கேட்டதால் 1844இல் பிரித்தானியக் கடற்படை லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. 1957 வரை இங்கே தளம் வைத்திருந்த கடற்படைதான் அது. நினைவில் வைக்க ஓர் எளிய வழி: ஆங்கிலத்தில் போர்ட்டுக்கும் லெஃப்டுக்கும் நாலு நாலு எழுத்து.

போர்ட் பக்க விளக்கு சிவப்பு, ஸ்டார்போர்ட் பக்க விளக்கு பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னிலிருந்து தன் பக்கம் 112.5 பாகை வரை தெரியும். இரவில் குடாவில் ஒரு கலத்தின் சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கியே வருகிறது. கப்பலுக்கு வழிகாட்டக் கடலில் மிதக்கவிடும் அடையாள மிதவைகளுக்கும் இதே நிறம்தான், ஆனால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இலங்கை பின்பற்றும் சர்வதேச ‘ஏ’ வலய முறையில், கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை போர்ட் பக்கம் இருக்க வேண்டும். வெளியே போகும்போது அதே மிதவை வலப்பக்கம் நிற்கும். அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பானிலும் இந்த நிறங்கள் மாறி வரும். இணையத்தில் அமெரிக்கப் படம் பார்த்துப் படித்தால் தலைகீழாகப் பதிந்துவிடும்.

மதுவுக்கு வாருங்கள். போர்ட் வைன் போர்த்துக்கலின் டூரோப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்து, திராட்சைச் சாராயம் கலந்து செறிவூட்டியது. அற்ககோல் சுமார் 20 வீதம். பெயர் வந்தது ஏற்றுமதியான ஊரிலிருந்து: போர்த்தோ, அதாவது ‘துறைமுகம்’. நாட்டின் பெயரே ‘போர்ட்டுஸ் காலே’ என்ற துறையிலிருந்து வந்தது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் பெயருக்குள்ளும் துறைமுகம்தான் ஒளிந்திருக்கிறது. நம் முன்னோர் அவர்களைப் பறங்கி என்றார்கள். அது வேறு வேர்.

இந்தப் பக்கத்தின் அழகான சொல் ஒப்பர்ச்சூனிட்டி. ‘ஒப் போர்ட்டும்’ என்றால் துறைமுகத்தை நோக்கி. பாய்க்கப்பல் காலத்தில் துறைமுகம் நோக்கி அடிக்கும் காற்றைக் குறித்த சொல், பிறகு எல்லா நல்ல தருணத்துக்கும் ஆனது. நம் கடலில் வைத்துப் பாருங்கள்: கொண்டல் அடித்தால் பாய்க்கப்பலைத் திருகோணமலைக் கரைக்குக் கொண்டுவரும், கச்சான் அடித்தால் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற நம் பழமொழியிலும் வாய்ப்பு காற்றாகத்தான் வருகிறது. அவர்களுடையது மாலுமியின் காற்று, நம்முடையது களத்துமேட்டுக் காற்று. இதன் எதிர்ச்சொல் இம்போர்ச்சூன், கரை சேர இடமில்லாதது. இன்று ஓயாமல் நச்சரிப்பது என்று பொருள்.

பாஸ்போர்ட்டும் இங்கேதான்: துறையைக் கடக்க அனுமதிக்கும் தாள். ‘கடவுச்சீட்டு’ என்ற தமிழ்ச்சொல் அதன் ‘கடத்தல்’ பாதியைப் பிடித்துக்கொண்டு துறையை விட்டுவிட்டது. எயார்போர்ட், சீபோர்ட் பற்றி விளக்கத் தேவையில்லை. புயலில் எந்தத் துறைமுகமும் நல்ல துறைமுகமே என்ற பொருளில் வரும் ஆங்கில மரபுத்தொடருக்கு, ‘ஆபத்துக்குப் பாவம் இல்லை’ என்பது கிட்டத்தட்டப் பொருந்தும்.

படி 4: வாசல் பக்கம்

சுவரில், கப்பல் உடலில், உலோகத்தில் ஏதாவது உள்ளே போகவோ வெளியே வரவோ திறந்த வாய் இருந்தால் அது பச்சைப் பக்கம். கப்பலின் வட்டச் சாளரம் போர்ட்ஹோல். பீரங்கி நீட்டும் சதுர வாய் கன்போர்ட். நம் ஊர்ப் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் கட்டப்பட்ட எச்.எம்.எஸ். திரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் காட்சிக்கு நிற்கிறது. அதன் படங்களைத் தேடினால் வரிசையாகத் தெரிவன கன்போர்ட்களே.

இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகள்தான் போர்ட். எரிபொருளும் காற்றும் கலந்து வருவது ஒரு வாயால், புகை போவது எக்ஸோஸ்ட் போர்ட்டால். எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் கலந்தால் கரி படிந்து அந்த வாய் சுருங்கும்; இயந்திரம் இழுவை குறையும். அதே மோட்டாரின் பெயரில் உள்ள ‘அவுட்போர்ட்’ பலகை வகை; படகின் பலகைக்கு வெளியே மாட்டுவது. ஒரே இயந்திரத்தில் இரண்டு ‘போட்’டும் இருப்பதால், மெக்கானிக்கிடம் சொல்லும்போது ‘புகை போற துளை’ என்று சொல்லிவிடுவதே நல்லது.

யூஎஸ்பி போர்ட், சார்ஜிங் போர்ட் இரண்டும் வாசல். இணையத்தில் போர்ட் இலக்கம் என்பதும் வாசல்தான், கண்ணுக்குத் தெரியாத வாசல்: 0 முதல் 65535 வரை இலக்கமிட்டவை. சாதாரண வலைப்பக்கம் 80ஆம் வாசலால், பூட்டுக்குறி உள்ளது 443ஆம் வாசலால் வரும். ஆனால் ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு ‘போர்ட் பண்ணுவது’ வாசல் அல்ல, சுமந்து மாற்றுவது; அது சிவப்புப் பக்கம். ஒரே துறைக்குள் இரண்டு வேர் இருப்பதால் கணினி மாணவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். போர்ட்டல், போர்ட்டிகோ, போர்ச் மூன்றும் பச்சை. ‘வலைவாசல்’ என்று தமிழாக்கியவர் வேர் அறிந்து செய்தாரோ இல்லையோ, சரியாகச் செய்திருக்கிறார்.

படி 5: சுமக்கும் பக்கம், முன்னொட்டோடு

எண்ணிக்கையில் பெரிய பக்கம் இது, ஆனால் வேலை சுலபம். நடுவில் ‘சும’ என்று எழுதி, சுற்றி முன்னொட்டுகளை வையுங்கள். உள்ளே சுமந்தால் இம்போர்ட். வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட். குறுக்கே கடந்து சுமந்தால் டிரான்ஸ்போர்ட். அப்பால் கொண்டுபோனால் டிபோர்ட், நாடுகடத்தல். கீழிருந்து சுமந்தால் சப்போர்ட். கண்டதைத் திரும்பச் சுமந்து வந்து சொன்னால் ரிப்போர்ட். சுமக்கக்கூடியது போர்ட்டபிள், தாள் சுமப்பது போர்ட்ஃபோலியோ. பின்னது அமைச்சரின் பொறுப்புக்கும் ஆகிவந்தது. தமிழில் அதற்கு ‘துறை’ என்கிறோம். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் கப்பல் நிற்கும் துறை, அமைச்சரவையில் கோப்பு நிற்கும் துறையாகிவிட்டது.

இரண்டு சொற்கள் வேடமிட்டு நிற்கும். இம்போர்ட்டன்ட்: உள்ளே ஒரு கனத்தைச் சுமந்து வருவது, ஆகவே முக்கியமானது. ஸ்போர்ட்: பழைய பிரெஞ்சில் ‘டிஸ்போர்ட்’, வேலையிலிருந்து மனதை அப்பால் சுமந்து செல்வது, முன்பாதி தேய்ந்து சகரம் மட்டும் மிஞ்சியது.

தமிழ் ‘இறக்குமதி’, ‘ஏற்றுமதி’ பார்க்கும் கோணம் வேறு. ஆங்கிலம் நாட்டின் எல்லையில் நின்று உள்ளே, வெளியே என்கிறது. தமிழ் ஜெட்டியில் நின்று இறக்கு, ஏற்று என்கிறது. சிறுபிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். கப்பலிலிருந்து இறங்கினால் நாட்டுக்குள் வருகிறது என்று ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.

படி 6: எங்கே அழுத்துவது

இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றும் பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம். வினையாக வந்தால் இரண்டாவதில். ரிப்போர்ட், சப்போர்ட் எப்படி வந்தாலும் இரண்டாவதில்தான். டிபோர்ட் வினை மட்டுமே, அதற்கும் இரண்டாவதில். பாஸ்போர்ட், எயார்போர்ட் முதல் அசையில். பின்னொட்டு ஏறினால் அழுத்தம் நகரும்: டிபோர்ட்டேஷன், டிரான்ஸ்போர்ட்டேஷன் என்பவற்றில் ‘டே’யில், போர்ட்ஃபோலியோவில் ‘ஃபோ’வில், ஒப்பர்ச்சூனிட்டியில் ‘சூ’வில். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் காது அதைக் கவனிக்காது. அழுத்தும் இடத்தில் மேசையைத் தட்டிக்கொண்டு சொல்லுங்கள்.

படி 7: வேற்றுமை உருபு காலை வாரும் இடங்கள்

தமிழில் ‘அவருக்கு சப்போர்ட் பண்ணு’. அந்தக் ‘கு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ ஆகி ஒட்டிக்கொள்கிறது. கூடாது, வினையாக வந்தால் சப்போர்ட்டுக்குப் பின் நேராக ஆள்தான். கொள்கைக்கு ஆதரவு என்று பெயராக வந்தால் ‘ஃபோர்’. ரிப்போர்ட்டுக்குப் பின் ‘டு’ வந்தால் ஆளிடம் அறிவிப்பது அல்லது கடமைக்குச் சமூகமளிப்பது. ‘ஒன்’ வந்தால் விடயத்தைப் பற்றிய அறிக்கை. கப்பல் துறையில் நிற்கிறது என்றால் ‘இன் போர்ட்’, நடுவில் ‘த’ இல்லை. மனிதர் அங்கே வேலை செய்தால் ‘அட் த போர்ட்’. கப்பலின் இடப்பக்கமாக என்றால் ‘டு போர்ட்’. துறைமுகத்துக்குப் போகிறேன் என்றால் ‘டு த போர்ட்’. ஒரு ‘த’வில் பொருள் கப்பலேறிப் போய்விடும்.

கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அனுப்பும் விண்ணப்பத்தோடு இணைப்பவை சப்போர்ட்டிங் டொகியுமென்ட்ஸ். சப்போர்ட்டிவ் என்று எழுதினால் ஆவணம் உங்களுக்கு ஆறுதல் சொல்லுகிறது என்றாகும், அது மனிதருக்கு. டிபோர்ட்மென்ட் நடையுடை பாவனை, டிபோர்ட்டேஷன் நாடுகடத்தல். நேர்முகத் தேர்வில் மாறிப் போனால் சிரிப்பு வரும். போர்ட்லி என்றால் துறைமுகம் போன்ற என்று அர்த்தமில்லை. தன் உடலைக் கம்பீரமாகச் சுமக்கும் தடித்த மனிதர்.

போர்ட்டர் என்ற சொல்லில் இரண்டு வேர் மோதுகின்றன. விடுதி வாசலில் நிற்கும் போர்ட்டர் பச்சைப் பக்கம், ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் போர்ட்டர் சிவப்பு. எழுத்தும் ஒலியும் ஒன்று. வேலையைக் கேட்டுத்தான் பிரிக்க முடியும். லண்டனில் மூட்டை தூக்குவோர் விரும்பிக் குடித்ததால் பெயர் பெற்ற கறுப்பு பியரும் சிவப்புப் பக்கமே.

படி 8: ஒட்டாத சொற்களுக்கு ஒரு பக்கம்

கடைசித் தாளில் கறுப்பு மையில் எழுதுங்கள். போர்ஷன் ‘பங்கு’ என்ற வேரிலிருந்து வந்தது, ப்ரொப்போர்ஷனும் அப்படியே. போர்ட்ரெய்ட் ‘இழுத்து வரை’ என்பதிலிருந்து. எழுத்தில் அந்த நாலு எழுத்தும் இருக்கும், உறவு இருக்காது. புதிய சொல் வந்தால் முதலில் உங்கள் ஊகத்தை நிறப் பேனையால் ஒரு பக்கத்தில் எழுதி, அதன் பிறகே அகராதியைத் திறக்க வேண்டும். ஊகம் பிழைத்தால் வெட்டிவிடாமல் ஓர் அம்புக்குறி போட்டு உரிய பக்கத்துக்கு மாற்றுங்கள்; ஆறாம் நாள் திரும்பிப் பார்க்கும்போது அம்புக்குறி உள்ள சொற்களை மட்டும் வாசித்தால் போதும்.